பரோட்டாக் கடையில் நரி

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் வலது கைப்பக்கம் வேதமுத்துவின் பரோட்டாக் கடை இருக்கிறது. வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்ட வேலை அலுத்துப்போய் மலையிறங்கி வந்து கடை போட்டவர் அவர். அவருடைய சால்னாவை லாரிக்காரர்கள் தேடி வருவார்கள். அதற்கு மேல் அந்தக் கடையில் தேடுவதற்கு ஒன்றும் கிடையாது. அப்படித்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார், கழுத்தில் கேமரா தொங்க இரண்டு கோயமுத்தூர்க்காரர்கள் வந்து கல்லுக்கு முன்னால் நின்று, "அண்ணே, இங்க நரி எந்தப் பக்கமா வரும்?" என்று கேட்கிற வரைக்கும்.

மறுநாள் பார்சல் வாங்க வந்த செல்வப்பிரியாவிடம் அவர் அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்.

"நரி மட்டும்னா பரவாயில்ல தாயி. ஆந்தை எங்கன்னு கேக்கான், முள்ளம்பன்னி எங்கன்னு கேக்கான். எல்லாம் ஒன் மேப்புல என் கடைக்குள்ளதான் இருக்காம். நான் கோழியே பொள்ளாச்சியிலருந்து வாங்குதேன். எங்கிட்ட ஏது நரி?"

செல்வப்பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில்தான் சிரிப்பு அடங்கியது. அந்த மேப்பை அவள்தானே கட்டினாள்.

செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்துக் கரட்டுப்பதியில், தென்னந்தோப்புக்காரர் ரத்தினசாமியின் ஒரே மகள் அவள். கோயமுத்தூரில் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மிச்ச நேரத்தில் கட்டியதுதான் 'கண்டது' என்ற இணையதளம். அதற்குத் தகவல் வருவது வேறொரு உலகப் பொதுத் தளத்திலிருந்து. பறவையோ விலங்கோ கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் போனில் அந்தத் தளத்தின் செயலியைத் திறந்து படத்தைப் போட்டு, பார்த்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கலாம். உலகம் முழுக்க ஜனங்கள் அப்படிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தகவல் எல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடக்கிறது.

திறந்து கிடந்து என்ன புண்ணியம்? சாதாரண மனுஷன் ஒருவன் உள்ளே போய் 'என் ஊரில் என்ன இருக்கிறது' என்று கேட்டால் லத்தீன் பெயர்களும் எண்களும்தான் வந்து கொட்டும். செல்வப்பிரியாவுக்கு அது பொறுக்கவில்லை. பீர்மேட்டிலிருந்து கோபாலபுரம் வரை நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தாள். ஒரு கட்டத்தைத் தொட்டால் அங்கே யார் என்ன பார்த்தார்கள், எந்த மாதம் பார்த்தார்கள், படம் என்ன என்று தமிழில் வரும். உடும்பு என்று அடித்தால் உடும்பு வரும். அரிய விலங்குகள் இருக்கும் இடத்தைத் தகவல் வரும் அந்த மூலத் தளமே வேட்டைக்காரன் கண்ணில் படாதபடி மங்கலாக்கி வைத்திருக்கும். அதைப் போய்ப் புள்ளியாகக் காட்டினால் பொய்யாகிவிடும் என்று பெரிய வட்டமாகக் காட்டினாள். முதலில் மாநில எல்லையைத் தடித்த கோடாகப் போட்டிருந்தாள். மயில்கள் அந்தக் கோட்டை மதிப்பதாகத் தெரியவில்லை. எடுத்துவிட்டாள்.

இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தவள் ஓர் இடத்தில் கோட்டை விட்டாள். ஒன்றுமே பதிவாகாத வெறுங்கட்டத்தைத் தொட்டால் என்ன வர வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா கமலாத்தாள் சாப்பிடக் கூப்பிட்டாள். கைக்கு வந்ததை அடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். 'இங்கே விலங்குகள் இல்லை.' அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தாள். வேதமுத்து சொன்னது உண்மைதான். அவர் கடையின் மேல் புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி கிடந்தன. தன் நிரலில்தான் கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு அவள் அதைக் குடைந்தாள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்குமோ என்று பார்த்தாள். மாறியிருந்தால் நரி ஆர்க்டிக் பனியில்தான் நின்றிருக்கும், பரோட்டாக் கடையில் நிற்காது. கணக்கு சரியாக இருந்தது, மூலத் தளத்திலும் அதே இடம்தான் இருந்தது. யாரோ ஒரு கோபாலபுரத்துக்காரர் தன் வீட்டை அடையாளம் வைத்து எல்லாவற்றையும் போடுகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். கம்பெனி வேலை கழுத்தைப் பிடித்தது.

அந்த வாரமே பஞ்சாயத்து ஆபீஸில் அறிக்கை வந்து உட்கார்ந்தது.

கரட்டுப்பதிக்கு மேற்கே நரிக்கரடு நிற்கிறது. மலை என்று சொல்ல முடியாது, பாறையும் முள்ளும் இடுக்குகளுமான ஒரு கரடு. அதை ஒரு கம்பெனி வாங்கி, உடைத்து ஜல்லியாக்க அனுமதி கேட்டிருந்தது. வெடி வைத்தால் கிணறுகள் விரிசல் விடும், தூசி தென்னம்பாளையில் படியும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. கம்பெனிக்காக ஒரு ஆய்வு நிறுவனம் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்திருந்தது. அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது, அடுத்து மக்கள் கருத்தைக் கேட்கும் ஹியரிங் நடக்கும் என்று கேள்விப்பட்டு செல்வப்பிரியா போய்ப் புரட்டினாள்.

விலங்குகள் என்ற பகுதியில் அவளுடைய மேப் அச்சாகியிருந்தது. அவள் தேர்ந்தெடுத்த நிறங்கள், அவள் போட்ட கட்டங்கள். நரிக்கரட்டின் மேல் கட்டம் வெள்ளையாக இருந்தது. அதன்மேல் ஒரு சின்னப் பெட்டி திறந்து, அவள் சாப்பிடப் போகும் அவசரத்தில் அடித்த வாக்கியம் கறுப்பு எழுத்தில் நின்றது. இங்கே விலங்குகள் இல்லை. அடியில் ஒரு குறிப்பு: உள்ளூர் மக்களே பதிவு செய்த திறந்த தரவின்படி இப்பகுதியின் விலங்குகள் எல்லைக்கு அப்பால் கோபாலபுரத்தில் குவிந்துள்ளன.

அவளுக்கு முகம் எரிந்தது. ஊர் முழுக்கச் சேர்ந்து கரட்டைக் காப்பாற்றக் கத்திக்கொண்டிருக்க, கரட்டுக்கு மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தது அவள் கையாக இருந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து அவள் நரி ஊளையிடுவதைக் கேட்டு வளர்ந்தது அந்தக் கரட்டிலிருந்துதான். பெயரே நரிக்கரடு. அதில் ஒரு நரிகூட இல்லை என்று அவளுடைய மேப் சொல்கிறது.

வீட்டுக்கு வந்தவள் இந்த முறை நிரலைப் பார்க்கவில்லை. பரோட்டாக் கடைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் படங்களைப் பார்த்தாள். கொம்பன் ஆந்தை ஒன்று பாறை இடுக்கில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. செக்போஸ்ட்டைச் சுற்றி அத்தனை பெரிய பாறை எங்கே இருக்கிறது? அடுத்தது முள்ளம்பன்னி, பின்னால் தெரிந்தது பக்கத்துத் தோப்புக்காரர் தங்கதுரையின் சொட்டுநீர்க் குழாய். மூன்றாவது நரி. நல்ல படம். நரி அப்போதுதான் திரும்பிப் பார்த்த மாதிரி நின்றது. பின்னால் ஒரு மோட்டார் ரூம். அதன் சுவரில், நரியின் வாலுக்கு நேர் மேலே, கோணல் மாணலாகப் பச்சைப் பெயிண்டில் செல்வப்பிரியா என்று எழுதியிருந்தது.

பள்ளிக்கூடத்துக் காலத்தில் அவள் எழுதி, அதற்காக அடியும் வாங்கிய சுவர் அது. படம் போட்டவர் பெயர் 'கேரகர்ஷகன்'. தென்னை விவசாயி என்று மலையாளத்தில் பெருமையாகப் பெயர் வைத்துக்கொள்ளக்கூடிய ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

ரத்தினசாமி களத்தில் நின்று தேங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மகள் லேப்டாப்பை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"ஏனுங்கப்பா, இது நம்மூட்டு மோட்டார் ரூம்தானுங்க?"

அவர் பார்த்தார். மறுக்கவில்லை. மறுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"ஆமா அம்மிணி. நம்முளதுதான். படம் நெம்ப நல்லா வந்துருக்குதல்லொ?"

"இது எதுக்குங்க வேதமுத்தண்ணன் கடையில இருக்குது?"

"நாந்தான் வெக்கச் சொன்னேன். எல்லார்த்துக்குமே சொன்னேன்." அவர் ஒரு தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டார். "நீ ஆசைப்பட்டு ஒண்ணு கட்டுன. லைப்ரரில எல்லார்த்தையும் கூட்டி வெச்சு, படம் போடுங்க, படம் போடுங்கன்னு சொன்ன. பொண்ணு கேட்டுருச்சேன்னு நாந்தான் ஊடு ஊடாப் போயிச் சொன்னேன். ஆனா நம்ம பூமில நரி இருக்குது ஆந்தை இருக்குதுன்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஃபாரஸ்ட்டுக்காரன் வந்து நிப்பான். இடுக்கிப் பக்கம் ஒரு மேப்பு வந்ததுக்கு சனங்க பட்ட பாடு உனக்குத் தெரியாதா? காடுன்னு ஒரு கோட்ட இழுத்துட்டான்னா, பட்டயத்த வெச்சுட்டு நான் நாக்கு வழிக்கறதா?"

"அதுக்கு?"

"அதுக்கு, செக்போஸ்ட்டுக்கு அக்கட்டால வெச்சுப்போட்டோம். மேப்புல தேடுனா அந்தப் பரோட்டாக் கடதான் எடுப்பாத் தெரிஞ்சுது. யாருக்கும் நட்டமில்ல. உனக்கும் படம் வந்துருச்சு, எங்களுக்கும் வம்பில்ல."

அவளுக்குக் கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் கட்டிய மேப் நிரம்ப வேண்டும் என்பதற்காக ஊரே நரிக்குப் பின்னாலும் ஆந்தைக்குப் பின்னாலும் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறது. எல்லாம் அவள்மேல் உள்ள பிரியம். அந்தப் பிரியத்தை அத்தனை பேரும் ஒழுங்காகக் கொண்டுபோய் எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்திருக்கிறார்கள். பஞ்சாயத்து ஆபீஸில் அந்த அறிக்கைப் பக்கத்தைப் போனில் எடுத்திருந்த போட்டோவை அவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

"புள்ளியத் திருப்பி வெய்ங்கப்பா. போட்டவங்க மட்டுந்தான் மாத்த முடியும், என்னால முடியாது. நீங்க மாத்துனா மத்தவங்களும் மாத்துவாங்க."

"அது நடக்காது கண்ணு. கரட்டுக்கு வேற வழி பாக்கலாம். மனுக் குடுக்கலாம், ரோட்டுல உக்காரலாம். நானே மொதல்ல வந்து உக்கார்றேன். புள்ளி இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

"அப்ப நீங்க வெச்சது பொய்ச்சாட்சிங்கப்பா."

அவர் கை நின்றுவிட்டது. ரத்தினசாமியிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அதை மட்டும் சொல்லக் கூடாது. சொந்த மச்சினனின் வரப்புத் தகராறில், பக்கத்துச் சித்தூர்க் கோர்ட்டில் தனக்காக ஒரு பொய் சொல்லச் சொல்லி அவன் கேட்டபோது, கூண்டில் ஏறி உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கியவர் அவர். மச்சினன் அன்றைக்கு உறவை அறுத்தவன்தான், இன்று வரை வாசல் மிதிக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவர் ஊருக்குள் நிமிர்ந்து நடந்தார்.

"கோர்ட்டுல ஏறிச் சொன்னாத்தான் சாட்சி. இது போனு," என்றார். குரல் கரகரத்தது. "பெத்த அப்பனப் பாத்துப் பேசற பேச்சா இது?"

"நெசத்தத்தானுங்க பேசறேன்."

அன்றைக்கு அப்பனும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கமலாத்தாள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டாள், இரண்டு பேரையும் சேர்த்தே திட்டினாள்.

செல்வப்பிரியா தன் பங்குத் தப்பை முதலில் சரி செய்தாள். வெள்ளைக் கட்டங்களையெல்லாம் சாம்பல் கோடுகளாக மாற்றினாள். தொட்டால், 'இங்கே இதுவரை யாரும் பதிவு செய்யவில்லை. விலங்கு இல்லை என்று அர்த்தம் அல்ல' என்று வரச் செய்தாள். ஆய்வு நிறுவனத்துக்கு எழுதினாள். நாங்கள் எடுத்த தேதியில் தளம் அப்படித்தான் சொன்னது என்று பதில் வந்தது. மரியாதையான பதில். அதைப் படித்ததும் அவளுக்கு இன்னும் வெறி ஏறியது.

அந்த நரிப் படத்தைப் பெரிதாக்கி ஹியரிங்கில் காட்டினால் போதும், அறிக்கை அந்த இடத்திலேயே கிழிந்துவிடும். அவளுக்கு அது தெரியும். தங்கதுரையின் குழாய், உடும்புக்குப் பின்னால் தெரியும் அதே ஊர் ஆனந்தியக்காவின் கிணற்றுமேடு, அப்பாவின் மோட்டார் ரூம் என்று வரிசையாக அடையாளம் சொல்லிவிடலாம். ஆனால் அது அவளை நம்பிப் படம் போட்டவர்களைக் கூட்டத்தில் நிறுத்திக் காட்டிக்கொடுப்பது. அவர்கள் பயம் அசட்டுப் பயம் என்று அவளால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை. நிலத்தை இழந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். அதனால் அவள் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. வேறு என்ன சொல்வது என்றும் தெரியாமல், போவது என்று மட்டும் முடிவு செய்தாள். தன் மேப்பை வைத்து ஒருத்தன் பொய் சொல்லும்போது தான் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஹியரிங் பஞ்சாயத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. கலெக்டரேட்டிலிருந்து வந்த அதிகாரி மேடையில் உட்கார்ந்திருந்தார். மலையாளி என்றாலும் இந்த எல்லையில் பல காலம் வேலை பார்த்து நல்ல தமிழ் பேசுகிறவர். கம்பெனிக்காரர்கள் முன் வரிசையில் வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது. தன் கடைப் பெயர் கவர்மெண்டு காகிதத்தில் அச்சாகியிருப்பதைக் கேள்விப்பட்டு வேதமுத்துவும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். ரத்தினசாமி மகளுக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிர் வரிசையில் தங்கதுரையோடு உட்கார்ந்தார்.

கிணறு, தூசி, வெடி என்று ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். கம்பெனி ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதத்தில் பதில் வைத்திருந்தது. விலங்குகள் பகுதி வந்ததும் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஷீனா எழுந்தாள். பீர்மேட்டு எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து மேலே வந்த தமிழ்ப் பெண். நன்றாகப் பேசினாள், யாரையும் மட்டம் தட்டவில்லை. திரையில் மேப் வந்தது.

"இது நாங்களா உண்டாக்கினது இல்ல சார். இந்த ஊர்லயே ஒருத்தங்க செஞ்ச மேப். கரட்டுல ஒரு பதிவுகூட கிடையாது. அது செத்த பாறை. விலங்கெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு."

செல்வப்பிரியா எழுந்தாள்.

"அந்த மேப்ப கட்டுனது நானுங்க. வெறுங்கட்டத்துல விலங்கு இல்லைன்னு எழுதுனது எந் தப்பு. யாரும் சொல்லலைன்னு எழுதியிருக்கோணும். அதத் திருத்திட்டேன். சொல்லாததுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசமிருக்குதுங்க. நீங்க கரட்டுக்கு ஒருக்கா நடந்து போயிப் பாத்தீங்களா?"

"ஒரு நாள் போனோம். ஒண்ணும் கண்ணுல படல," என்றாள் ஷீனா.

"பகல்லயா?"

"பகல்லதான்."

"நரியும் ஆந்தையும் பகல்ல உங்களுக்கு எதிர்ல வந்து கும்பிட்டு நிக்கோணுமாக்கும்." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "உங்க அறிக்கையில என்ற பேரு இருக்குது. என்ற மேப்ப எதுக்கு வேணாலும் எடுத்துக்கங்க, தொறந்துதான் வெச்சிருக்கேன். பொய்க்கு எடுத்தா நான் சும்மா இருக்க மாட்டேன். இந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டு, கரட்டுல ராத்திரி தங்கிப் பாத்து, புதுசா எழுதுங்க."

அதிகாரி கையை உயர்த்தினார். "அம்மா, நீங்க சொல்றது புரியுது. ஆனா எனக்குத் தெளிவு வேணும். கரட்டுல விலங்கு இருக்குங்கறதுக்கு உங்ககிட்ட ஒரு பதிவாவது இருக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். திரும்பி அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே காட்டிக்கொடுப்பதாகிவிடும்.

"நான் காட்ட முடியாதுங்க," என்றாள்.

ஷீனா தயங்கி, கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினாள். "சார், பதிவு செஞ்சவங்க எல்லாரும் இந்த ஊர்க்காரங்கதான். அவங்களே இடத்தைக் குறிச்சிருக்காங்க. அதிகமாப் போட்டது கேரகர்ஷகன்னு ஒருத்தர். நரி, ஆந்தை, உடும்பு எல்லாம் அவர் பார்த்திருக்கார். எல்லாத்தையும் பார்த்த இடம் கோபாலபுரம்னு அவரே சொல்லியிருக்கார். உள்ளூர்ச் சாட்சின்னு அவரைத்தான் நாங்க அறிக்கையில சேர்த்திருக்கோம்."

"சாட்சி எண் ஒண்ணுன்னு போட்டுக்கலாமா?" என்று அதிகாரி எழுத்தரைப் பார்த்துச் சொன்னார். எழுத்தர் எழுதத் தொடங்கினார்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. ரத்தினசாமி எழுந்து நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"எழுதாதீங்க. அந்தாளு நானுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். தங்கதுரை அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவர் தட்டிவிட்டார்.

"கல்லு ஒடைக்கறவனுக்குச் சாட்சியா என்ற பேரப் போடறீங்களா? சொந்தப் பொண்டாட்டியோட தம்பிக்கே நான் பொய்ச்சாட்சி சொல்லலீங்க. அவனுக்குச் சொல்லாதத இவனுக்குச் சொல்லுவனா?" குரல் மண்டபத்தை நிறைத்தது. "அந்த நரிய நான் கோபாலபுரத்துல பாக்கலீங்க. பயந்துக்கிட்டு அங்க கொண்டுபோயி வெச்சேன். பாத்தது என்ற தோப்புல. கரட்டுலருந்து எறங்கி வந்து மோட்டார் ரூம்பு தொட்டில தண்ணி குடிச்சுட்டு, மறுபடியும் கரட்டுக்கே போயிருச்சு."

"வாயில சொன்னா ஏத்துக்க முடியாதுங்க," என்றார் கம்பெனி வக்கீல்.

"வாயில யாருங்க சொன்னாங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நடுவில் நடந்து வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. அவர் நெற்றிக்கு மேலே ஏற்றி விட்டிருந்ததைச் செல்வப்பிரியா எடுத்து, தன் துப்பட்டா நுனியால் துடைத்துப் போட்டுவிட்டாள்.

"எப்படி மாத்தறது, சொல்லு."

"நீங்களே மாத்துங்கப்பா. நான் தொட மாட்டேன். படத்தத் தொறங்க. திருத்தறதுக்கு இருக்கற அந்தப் பென்சில் குறிய அமுக்குங்க. இப்ப புள்ளியப் புடிச்சு இழுங்க."

தேங்காய் உரித்துக் காய்த்துப்போன விரல். புள்ளி முதலில் பொள்ளாச்சிக்குப் போனது, அப்புறம் ஏதோ குளத்தில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. மெதுவாக மேற்கே வந்து, செக்போஸ்ட்டைத் தாண்டி, தென்னைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கூரையின் மேல் நின்றது. அவர் அமுக்கினார். செல்வப்பிரியா திரையோடு இணைத்திருந்த லேப்டாப்பில் தன் தளத்தைத் திறந்து மேப்பைப் புதுப்பித்தாள். மூலத் தளத்திலிருந்து நேராக எடுத்து வருகிற மாதிரி அவள் கட்டியிருந்தது அப்போது கை கொடுத்தது. பரோட்டாக் கடையில் ஒன்று குறைந்து, கரட்டுப்பதியில் ஒரு கட்டம் நிறம் மாறியது. அவர் சொன்னதும் அவள் அந்தப் புள்ளியைத் தொட்டாள். நரி திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது, வாலுக்கு மேலே செல்வப்பிரியா என்ற பச்சை எழுத்து. முதல் வரிசையில் யாரோ அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார்கள்.

ஷீனா அதைப் பார்த்தாள். தன் அறிக்கையின் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தாள்.

"ஆந்தை கரட்டுலயேதான் பாத்தது," என்று ரத்தினசாமி அடுத்ததைத் திறந்தார். "தெக்கால பாறை இடுக்குல. அதயும் வெக்கறேன்."

தங்கதுரை இருந்த இடத்திலேயே போனை எடுத்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, முள்ளம்பன்னியைத் தன் தோப்புக்குக் கூட்டி வந்தார். பெண்கள் பக்கத்தில் ஆனந்தி எழுந்து, "எனக்குக் கண்ணு தெரியல, ஆராச்சும் வந்து சொல்லுங்க. அந்த உடும்பு எங்க கெணத்துமேட்டுது," என்றாள். அதற்குப் பிறகு யாரும் அனுமதி கேட்டுப் பேசவில்லை. ஆளாளுக்குப் போனைக் குனிந்து பார்த்தார்கள், பென்சில் எங்கே என்று பக்கத்து ஆளைக் கேட்டார்கள், தப்பாக வைத்தவர்கள் திரும்ப வைத்தார்கள். செல்வப்பிரியா புதுப்பிக்கப் புதுப்பிக்கத் திரையில் கரட்டைச் சுற்றிச் சாம்பல் கட்டங்கள் மறைந்துகொண்டே வந்தன. கரட்டின் உச்சியிலும் ஒன்று நிறம் ஏறியது. அத்தனை பேரும் அவளுக்காக எடுத்த படங்கள்தான் அவை. இப்போதுதான் வீடு வந்து சேர்கின்றன.

பின்வரிசையில் வேதமுத்து ஒரு பெருமூச்சு விட்டார். "நல்லாருங்கப்பா. கேமராக்காரன் ரெண்டு பரோட்டா சேத்துத் தின்னான். அதுவும் போச்சு."

கம்பெனி வக்கீல் இது நடைமுறை அல்ல என்று ஆட்சேபம் சொன்னார். அதிகாரி ஆட்சேபத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார். அதற்குக் கீழே, விலங்குகள் பகுதி ஏற்கப்படவில்லை, கரட்டில் இரவிலும் தங்கி மறு ஆய்வு செய்யாமல் அனுமதி பரிசீலிக்கப்படாது என்றும் எழுதச் சொன்னார். எழுத்தர் அதைத் திருப்பிப் படித்துக் காட்டினார். மண்டபத்தில் கைதட்டல் எழுந்து அடங்க நேரம் பிடித்தது.

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, நடுவில் இன்னும் நின்றுகொண்டிருந்த ரத்தினசாமியைப் பார்த்தார். அவர் குரலில் மிரட்டல் இல்லை, அக்கறைதான் இருந்தது.

"ரத்தினசாமி, நீங்க பயந்தது முழுக்கத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். இது இப்ப எல்லாரும் பார்க்கறபடி கிடக்கும். ஃபாரஸ்ட்டிலிருந்து உங்க தோப்பைத் தேடி ஆள் வரலாம். யோசிச்சுத்தான் செஞ்சீங்களா?"

ரத்தினசாமி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகளின் தோளில் கையை வைத்தார்.

"வரட்டுமுங்க. வழி கேக்க வேண்டியதில்ல, விலாசந்தான் இப்ப மேப்புலயே இருக்குதுங்களே."